மின்கம்பி வழித் தகவல்தொடர்பு: ஒரு கண்டுபிடிப்பு ‘வெளிப்படையானதா’ என்று பார்ப்பது எப்படி?

காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கையில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். முன்பே வெளியான ஆவணம் டி1 இன்னதைச் சொல்கிறது, டி2 இன்னதைச் சொல்கிறது, இரண்டையும் சேர்த்தால் உங்கள் கோரிக்கை (நீங்கள் உரிமை கேட்கும் அம்சம்) வந்துவிடுகிறது, ஆகவே இது துறை வல்லுநருக்கு வெளிப்படையானது, அதாவது கண்டுபிடிப்புத் திறமை இல்லாமலே எட்டக்கூடியது என்று அது முடியும். பவர்லைன் துறை, அதாவது மின்கம்பி வழியே தரவு அனுப்பும் துறை விண்ணப்பமாக இருந்தால் டி1 எப்படிப்பட்டது, டி2 எப்படிப்பட்டது என்பதை உறையைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். டி1 ஏதோ ஒரு பவர்லைன் மோடம். டி2 வைஃபையிலிருந்தோ, தொலைபேசிக் கம்பி வழி இணையமான ஏடிஎஸ்எல்லிலிருந்தோ எடுத்த ஒரு நுட்பம்.

இந்தச் சேர்க்கை நியாயமானதா என்று எடைபோடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்ணப்பதாரருக்காகவும் வாதாடியிருக்கிறேன், அடுத்தவர் விண்ணப்பத்தை எதிர்த்தும் மனு போட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் பயன்படும் கேள்வி ஒன்றே: வேறு துறையில் பிறந்த நுட்பத்தை மின்கம்பிக்குக் கொண்டுவந்தபோது, கம்பி எங்கே முரண்டு பிடித்தது? முரண்டே பிடிக்கவில்லை என்றால் அது வெளிப்படையானதுதான், வாதத்தை நீட்டிப் பயனில்லை. முரண்டு பிடித்து, அதற்கு விண்ணப்பதாரர் ஒரு வழி கண்டிருந்தால், அந்த வழியில்தான் கண்டுபிடிப்பு இருக்கிறது.

இந்தக் கேள்வி ஏன் இந்தத் துறைக்கு இவ்வளவு பொருந்துகிறது என்றால், துறையே கடன் வாங்கி வளர்ந்தது. பல துணை அலைகளில் தரவைப் பிரித்து அனுப்பும் ஓஎஃப்டிஎம் முறையை பெல் ஆய்வகத்தில் சாங் 1966-இல் எழுதினார். அதை டிஜிட்டல் ஃபூரியே மாற்றத்தால் எளிதாகச் செய்யலாம் என்று 1971-இல் வெய்ன்ஸ்டீனும் எபர்ட்டும் காட்டினார்கள். அது தொலைபேசிக் கம்பியில் ஏடிஎஸ்எல் ஆனது. 2001-இல் வந்த ஹோம்பிளக் 1.0 என்ற தரநிலை அதையே வீட்டு மின்கம்பிக்குக் கொண்டுவந்தது: சுமார் 4.5 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை, 84 துணை அலைகள், நொடிக்கு 14 மெகாபிட். ஒரே கம்பியில் பலர் பேச வேண்டியிருந்ததால், வரிசைப்படுத்தும் முறையையும் கணினி வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ‘இது கடன் வாங்கியது’ என்று ஆய்வாளர் சொல்வதில் புதிதாக ஒன்றும் இல்லை. கடன் வாங்கியதாலேயே ஒரு விண்ணப்பம் செத்துவிடாது, பிழைத்தும் விடாது.

முதலில் ஆளை நிறுத்துங்கள்

சட்டம் சொல்லும் ‘துறை வல்லுநர்’ யார் என்று முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். பவர்லைன் என்ற பெயரின் கீழ் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

காப்புரிமை முகவராவதற்கு முன்பு நான் துணை மின்நிலையத்தில் பிஎல்சிசி (உயர் அழுத்தக் கம்பி வழியே நிலையங்கள் பேசிக்கொள்ளும் முறை) பேனல் பார்த்தவன். உயர் அழுத்தக் கம்பி நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் பெரிய உருளை போல ஒரு சுருள் தொங்கும். வேவ் டிராப் என்போம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது விட்டுவிடும். செய்தியைச் சுமக்கும் கேரியர் அலையை நிலையத்தின் பஸ்பார்களுக்குள் (கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பொதுக் கடத்திகள்) போகாமல் நிறுத்தும். கப்ளிங் கெப்பாசிட்டர் வழியாக அந்த அலை இறங்கி பேனலுக்கு வரும். சில பத்து கிலோஹெர்ட்ஸிலிருந்து 500 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டே முனை, நடுவில் கிளை மிகக் குறைவு. பாதுகாப்பு ரிலேக்குச் சமிக்ஞை போக வேண்டும், அடுத்த நிலையத்துக்காரரோடு பேச வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆளுக்கு வீட்டுக்குள் நடக்கும் கூத்து தெரியாது.

இரண்டாமவர் மின்மீட்டர் ஆள். ஐரோப்பிய இஎன் 50065 தரநிலை 3 முதல் 148.5 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்கி, அதில் 95 வரை மின்வாரியங்களுக்கு என்று வைத்திருக்கிறது. பிரைம், ஜி3 போன்ற மீட்டர் தரநிலைகள் எல்லாம் இவர் உலகம். தெருவின் கடைசி மீட்டரிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை செய்தி தாவித் தாவிப் போவதுதான் இவர் கவலை, வேகம் அல்ல.

மூன்றாமவர் வீட்டுப் பிராட்பேண்ட் ஆள். மெகாஹெர்ட்ஸ் பட்டை, வீடியோ, பக்கத்து அறை.

விண்ணப்பம் மூன்றாமவருடையதாக இருந்து, டி2 துணை மின்நிலைய உலகத்திலிருந்து வந்திருந்தால், அவர் அங்கே போய்த் தேடியிருப்பாரா என்று கேளுங்கள். ஏடிஎஸ்எல் என்றால் தேடியிருப்பார், அது அவர் பக்கத்து அறை. பெரும்பாலும் அவருடைய முந்தைய வேலையே அங்கேதான் இருந்திருக்கும். இந்த ஆள் சராசரித் திறமைசாலி என்பதை மறக்க வேண்டாம். கேஎஸ்ஆர் வழக்கில் 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரை இயந்திரம் போல எண்ணக்கூடாது, சாதாரணக் கற்பனை அவருக்கும் உண்டு என்றது. நம் ஊர் அணுகுமுறையில் அவருக்குக் கற்பனை குறைவு. 2015-இல் ரோஷ் – சிப்லா வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் கொடுத்த ஐந்து படிகளில், திறமை உண்டு ஆனால் கற்பனை இல்லாத ஆள் என்றே அவர் வருகிறார். விண்ணப்பதாரருக்கு இது சற்றுச் சாதகம். ஆனால் அந்தச் சாதகத்தை நம்பி மட்டும் பதில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. மேல்முறையீட்டில் நிற்காமல் போகலாம்.

தேதி

முன்னுரிமைத் தேதியை (கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதியை) ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். அந்தத் தேதிக்குப் பின்னால் வந்த எதையும் உங்கள் தலையிலிருந்து கழற்ற வேண்டும். பவர்லைனில் இது கடினம், ஏனென்றால் இன்றைக்கு எல்லாம் தரநிலைக்குள் போய்விட்டது. பவர்லைன் தரநிலையான ஐஇஇஇ 1901 வெளியான 2010-க்குப் பிறகு படித்து வந்தவருக்கு அதிலுள்ள ஒவ்வொன்றும் காலங்காலமாக இருந்ததாகவே தோன்றும்.

தரநிலைகளில் இன்னொரு சிக்கல். தரநிலை எழுதும் நிறுவனங்களின் கூட்டமைப்பு தன் உறுப்பினர்களுக்கு மட்டும் சுற்றில் விட்ட வரைவு, ரகசியக் கட்டுப்பாட்டோடு இருந்திருந்தால், அது பொதுவில் வெளியானதாகாது. அட்டையில் அச்சிட்ட தேதியை நம்பாதீர்கள். வெளியார் ஒருவர் கேட்டால் எந்தத் தேதியிலிருந்து கிடைத்திருக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஆய்வறிக்கையில் வரைவுத் தேதியைப் போட்டிருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பதில் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சாட்சியம் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

தேடும்போது

பவர்லைன் கம்யூனிகேஷன் என்பதைச் சுருக்கி ‘பிஎல்சி’ என்று தட்டினால் தொழிற்சாலைகளில் மோட்டாரை ஓட்டும் புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்கள் வந்து குவியும். காப்புரிமை வகைப்பாட்டு எண் எச்04பி 3/54 வழியாகப் போங்கள், மின்விநியோகக் கம்பி வழிப் பரிமாற்றம் அதன் கீழ்தான் வரும். பல துணை அலை என்றால் எச்04எல் 27/26-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆவணங்கள் வேறு பெயரில் ஒளிந்திருக்கும்: கேரியர் கரண்ட், ரிப்பிள் கன்ட்ரோல், வயர்டு வயர்லெஸ். மின்சுழற்சியைச் சிலர் மெயின்ஸ் என்பார்கள், சிலர் ஏசி லைன் சைக்கிள், சிலர் பவர் ஃப்ரீக்வென்சி. ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் பாதி ஆவணம் கண்ணில் படாது. எதிர்ப்பு மனு போடுபவர்களுக்கு 1970-களின் ஆவணங்கள் பொன்னானவை. காலாவதியான பழைய அமெரிக்க ஆவணம் ஒன்று புது ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றைவிடக் கனமாக விழும்.

கம்பியின் குணம்

வேறுபாட்டை எடைபோடும் முன் கம்பியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைபேசிச் செம்புக் கம்பி ஜோடி ஓரளவு நிலையானது. இணைப்பு தொடங்கும்போது எந்தத் துணை அலையில் எத்தனை பிட் ஏற்றலாம் என்று அளந்துகொண்டால் அன்றைக்கெல்லாம் ஓடும், நடுவில் சிறு திருத்தம் போதும். வீட்டு மின்கம்பி அப்படி இருக்காது. டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச் வைத்த மின்விசிறி ரெகுலேட்டர் ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் ஒரு முறை வெட்டும், அதாவது நொடிக்கு 100 முறை, எப்போதும் அதே இடத்தில். மிக்ஸியின் கார்பன் பிரஷ் கிளப்பும் இரைச்சலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. செல்போன் சார்ஜரின் டயோடுகள் மின்னழுத்தம் உச்சத்துக்கு அருகே வரும்போது மட்டும் கடத்தும். ஆகவே கம்பியின் மின்மறுப்பே 10 மில்லிநொடிக்குள் ஏறி இறங்கும். இந்த நேர ஒழுங்குதான் பவர்லைனின் தனிக்குணம். வானொலி அலைக்கோ தொலைபேசிக் கம்பிக்கோ இது கிடையாது.

இதை முதலில் கவனித்தவர்கள் பிராட்பேண்ட்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் கிளென்ராத்திஸில் இருந்த பைகோ எலெக்ட்ரானிக்ஸ் 1975-இல் உருவாக்கிய எக்ஸ்10, மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தாண்டும் கணத்தில்தான் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை ஒரு மில்லிநொடிக்கு அனுப்பியது. துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. மற்ற இரண்டு பேஸ்களின் பூஜ்யக் கணத்திலும் விழும்படி அதைத் திரும்ப அனுப்பியது. பூஜ்யத்தை ஒட்டிய இடம் அமைதியானது என்ற பாடம் அன்றிலிருந்து எல்லோருக்கும் தெரியும். 2005-இல் ஹோம்பிளக் ஏவி இதை விரித்தது: சுழற்சியின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு பிட் வரைபடம், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் பீக்கன் என்ற அறிவிப்புச் சமிக்ஞை இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை, நம் 50 ஹெர்ட்ஸில் 40 மில்லிநொடிக்கு ஒன்று.

ஆகவே இன்றைக்கு ஒருவர் வந்து ‘சுழற்சியைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியாகப் பிட் ஏற்றுகிறேன்’ என்றால் நாற்காலி போட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஒரு விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்ப்போம்

என்னிடம் வந்த ஒரு விஷயத்தை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பொறியாளர் ஒருவர், வீட்டு இன்வெர்ட்டர்கள் அவருக்கு அத்துபடி. மின்தடை வந்து இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதும் பவர்லைன் இணைப்பு அறுந்து, திரும்ப ஒழுங்காவதற்கு நேரம் பிடிக்கிறது என்பது அவர் பிரச்சினை. காரணம் எளிது. இன்வெர்ட்டரின் அலை, மின்வாரியத்தின் அலையோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பூஜ்யக் கணம் திடீரென்று இடம் மாறும். மோடம் வைத்திருந்த வரைபடம் தவறான பகுதியில் உட்கார்ந்துவிடும்.

மூன்று கோரிக்கைகள் எழுதி வந்தார். முதலாவது, மின்வாரியத்துக்கு ஒன்றும் இன்வெர்ட்டருக்கு ஒன்றுமாக இரண்டு வரைபடங்களை நினைவில் வைத்து மாற்றிக்கொள்ளும் மோடம். இரண்டாவது, பூஜ்யக் கணங்களுக்கு இடைப்பட்ட நேரம் குதிப்பதைப் பார்த்து மாற்றத்தை உணர்வது. மூன்றாவது, பூஜ்யத்தைத் தாண்டும்போது மின்னழுத்தம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று அளந்து, சதுர அலை என்று தெரிந்தால் அந்த அரைச்சுழற்சியிலேயே பூஜ்யத்தை ஒட்டிய பகுதியில் தரவு அனுப்புவதை நிறுத்துவது.

முதல் கோரிக்கையில் கம்பி முரண்டு பிடித்ததா? இல்லை. அளந்ததை மறந்துவிட்டுத் திரும்ப அளப்பதால் தாமதம் என்றால், மறக்காமல் வைத்துக்கொள் என்பதுதான் எந்தப் பொறியாளருக்கும் முதலில் தோன்றும். உச்ச நீதிமன்றம் 1978-இல் பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில், பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும் கருவி ஒன்றின் காப்புரிமையை நீக்கியபோது சொன்னதும் இதுதான்: வெறும் பட்டறை மேம்பாடு போதாது.

இரண்டாவது கோரிக்கை கொஞ்சம் கௌரவமானது. ஆனால் பிரச்சினையிலேயே இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆகவே யுபிஎஸ் துறையில் தேடுவது அந்தப் பொறியாளருக்கு இயல்பு. அங்கே பூஜ்யக் கண நேரத்தைப் பார்த்து மாற்றத்தை உணர்வது பாடப்புத்தகச் சரக்கு. விழுந்தது.

மூன்றாவதில்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்10 தொடங்கி எல்லோரும் பூஜ்யத்தின் அருகே அமைதி என்கிறார்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் நிலைமை தலைகீழ்: அந்த அலை செங்குத்தாகத் துள்ளும் இடமே பூஜ்யம்தான், இரைச்சல் அங்கேதான் கொட்டும். துறையின் பொது அறிவு ‘அங்கே போ’ என்று கைகாட்டும்போது இவர் ‘அங்கே போகாதே’ என்கிறார். கம்பி முரண்டு பிடித்திருக்கிறது.

இங்கே ஆய்வாளர் தரப்பையும் நானே எடுத்து வாதாடிப் பார்ப்பேன். வேறு யாரும் இந்த வேலையை உங்களுக்குச் செய்து தரமாட்டார்கள். ஆய்வாளர் இரண்டு விதமாகத் தாக்குவார். ஒன்று: ஆசிலாஸ்கோப்பை இன்வெர்ட்டரில் மாட்டினால் அந்த விளிம்பு யாருக்கும் தெரியும். இதற்குப் பதில் இருக்கிறது. இணைப்பு சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற பிரச்சினையோடு உட்கார்ந்த பொறியாளர், அளக்கும் வேகத்தைக் கூட்டத்தான் முயல்வார். அலையின் வடிவத்தைப் பார்க்கச் சொல்லும் ஆவணம் எது? பார்த்திருக்க முடியும் என்பது வேறு, பார்த்திருப்பார் என்பது வேறு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பதை நான் இங்கேயும் தயங்காமல் பயன்படுத்துகிறேன். பிரச்சினையை எழுதும்போது ‘பூஜ்யத்தை ஒட்டிய விளிம்பு இரைச்சலைத் தவிர்ப்பது எப்படி’ என்று எழுதினால் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்ததாகிவிடும். ஆய்வறிக்கைகளில் பின்னோக்கிய பார்வை நுழையும் வாசல் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டாவது தாக்குதல் கூர்மையானது. சாதாரண மோடமே சில சுழற்சிகள் அளந்துவிட்டு, பூஜ்யத்தின் அருகே இரைச்சல் அதிகம் என்று கண்டு, அங்கே பிட் ஏற்றுவதைத் தானாகக் குறைத்துவிடுமே? ஆமாம், குறைத்துவிடும். ஆகவே ‘பூஜ்யத்தைத் தவிர்ப்பது’ என்பதில் கண்டுபிடிப்பு இல்லை. இரைச்சலை அளக்காமலே, அலையின் வடிவத்தைப் பார்த்து, 10 மில்லிநொடிக்குள் தவிர்ப்பதில்தான் இருக்கிறது. சட்டம் கேட்கும் ‘தொழில்நுட்ப முன்னேற்றம்’ அந்த நேர வித்தியாசம். அதற்கு எண் வேண்டும். பழைய முறையில் இணைப்பு திரும்ப எவ்வளவு நேரம், புது முறையில் எவ்வளவு, எந்தச் சுமைகள் மாட்டியிருந்தன என்ற அளவீடு விவரக்குறிப்பிலேயே இருந்தால் பதில் கனமாக நிற்கும்.

சிறு விஷயங்கள் சில

பல துறை வழக்குகளில் பேசப்படும் வணிக வெற்றி பவர்லைனில் அதிகம் உதவுவதில்லை. விற்பனைக்குக் காரணம் நுட்பமா, பெட்டியின் விலையா என்று நிரூபிப்பது பெரும்பாடு. நம் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ)-யில் ‘பொருளாதார முக்கியத்துவம்’ என்று இருப்பதைப் பிடித்துக்கொண்டு சிலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அது இருந்தாலும், வெளிப்படையாக இல்லாமலும் இருக்க வேண்டும் என்று அதே வாக்கியம் தொடர்கிறது.

மோடத்தையும் மின்னெழுச்சிப் பாதுகாப்பையும் ஒரே பிளக்கில் அடைத்தேன் என்பது போன்ற விண்ணப்பங்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. இரண்டும் தத்தம் வேலையைத் தனித்தனியாகப் பார்த்தால் பிரிவு 3(எஃப்) போதும். பாதுகாப்புச் சாதனம் உயர் அதிர்வெண் அலையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது, அதைத் தடுக்க இன்னது செய்தேன் என்று தொடர்ந்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் பயன்படுத்திப் பல சமிக்ஞைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் எம்ஐஎம்ஓ விண்ணப்பங்களில், ‘வைஃபையில் பல ஆண்டெனா உண்டு, இங்கே பல கம்பி’ என்று ஆய்வாளர் ஒரே வரியில் முடிப்பார். கிர்க்காஃப் விதியை எடுத்துப் போடுங்கள். மூன்று கம்பியில் இரண்டு சமிக்ஞையை மட்டுமே ஒன்றுக்கொன்று சாராமல் செலுத்த முடியும். மூன்றாவது மற்ற இரண்டால் தீர்மானமாகிவிடும். ஆண்டெனாவுக்கு அந்தக் கட்டு இல்லை. அந்தக் கட்டைச் சமாளித்த விதம் கோரிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

சதுர அலை விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு கோரிக்கைகளையும் விட்டுவிடச் சொன்னேன், மனமில்லாமல் சம்மதித்தார். மூன்றாவதை முதலாவதாக்கி, பூஜ்யக் கண உணர்வுச் சுற்று, சரிவை அளக்கும் சுற்று, அனுப்புவதை நிறுத்தும் பகுதி என்று மோடத்தின் உறுப்புகளாக எழுதினோம்; வெறும் கணக்கு முறையாக எழுதியிருந்தால், அவற்றுக்குக் காப்புரிமை மறுக்கும் பிரிவு 3(கே) இன்னொரு பக்கம் திறந்திருக்கும். பிரிவு 59-இன்படி, திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கையின் எல்லைக்குள் அடங்க வேண்டும், முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் அதற்கு ஆதாரமும் இருக்க வேண்டும். ‘அந்த அரைச்சுழற்சியிலேயே’ என்ற சொற்கள் அதில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கின்றன என்று தேடி, பதிலின் முதல் பக்கத்திலேயே குறித்துவிட்டு அனுப்பினேன்.